கருவிக்கு ஓர் அடுக்கு கீழே

பிரவுசருக்குள் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரை, 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் கைகழுவியது. அந்த முடிவை 2017 ஜூலையிலேயே அவர்கள் அறிவித்துவிட்டதாலும், ஐபோனில் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டதாலும், அந்தத் துறையில் இருந்த யாருக்கும் அது திடீர்ச் செய்தியாக இருக்கவில்லை. சென்னையில் மின்வழிப் பாடங்கள் தயாரிக்கும் நிறுவனங்களில் பல ஆண்டுகள் ஃபிளாஷை மட்டுமே நம்பி வேலை பார்த்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் சிலர், பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறியதே வெளியில் தெரியாத அளவுக்கு எளிதாக மாறிக்கொண்டார்கள். வேறு சிலர் ஒவ்வொரு புதிய லைப்ரரியோடும் மல்லுக்கட்டிக் களைத்துப்போய், கடைசியில் நிரல் எழுதும் வேலையையே விட்டுவிட்டார்கள். இரு தரப்பினரும் ஒரே வகை அலுவலகங்களில், ஒரே வகை வேலையை, ஏறக்குறைய ஒரே வேகத்தில் செய்தவர்கள் என்பதால், வேறுபாடு எங்கே இருந்தது என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது.

பதில் ஃபிளாஷுக்குள்ளேயே இருந்தது. ஃபிளாஷுக்கான நிரல்மொழியாக 2006-இல் வந்த ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3 என்பது, ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்டின் நான்காம் பதிப்புக்கான வரைவை ஒட்டி உருவாக்கப்பட்ட மொழி. அந்த நான்காம் பதிப்பு 2008-இல் கைவிடப்பட்டது என்பது தனிக் கதை. ஆனால் மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி இட்டு அதன் வகையை எழுதும் பழக்கம், கிளாஸ், இன்டர்ஃபேஸ் ஆகிய எல்லாமே அந்த மொழியில் இருந்தன. 2012-இல், ஜாவாஸ்கிரிப்டோடு வகைகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட் வெளிவந்தபோது, ஃபிளாஷில் ஒழுங்காக நிரல் எழுதியிருந்த ஒருவருக்கு அது பழைய முகமாகவே தெரிந்திருக்கும். அதைவிட முக்கியமானது நிகழ்வுகளைக் கையாளும் முறை. ஒரு பொத்தானைச் சொடுக்கினால் அந்த நிகழ்வு மேலிருந்து பொத்தானை நோக்கி இறங்கி, பொத்தானைத் தொட்டு, மீண்டும் மேலே ஏறும் என்ற மூன்று கட்ட ஓட்டம் ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3-இலும் பிரவுசரிலும் ஒன்றே. நிகழ்வைக் கேட்பதற்கான செயற்கூற்றின் பெயர்கூட ஒன்றே. இந்த ஓட்டத்தைப் புரிந்துகொண்டு வேலை பார்த்தவர்களுக்கு ஃபிளாஷ் போனதில் இழப்பு ஒரு மென்பொருள் மட்டுமே. டைம்லைனில் எந்த ஃபிரேமில் எதைச் செருகினால் படம் நகரும் என்பதை மட்டும் கைப்பழக்கமாக வைத்திருந்தவர்களுக்கு, அந்தக் கைப்பழக்கம் முழுவதும் ஒரே நாளில் செல்லாக்காசாயிற்று.

அடிப்படை என்று நான் சொல்வது இதைத்தான். இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கல்லூரிப் பாடத்திட்டம் நினைவுக்கு வரும். தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்த ரெட்-பிளாக் மரத்தின் சுழற்சிகளும், நேர்காணலுக்காகப் போட்டுப் பார்த்த புதிர்களும் நினைவுக்கு வரும். அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேலையில் இருக்கும் ஒருவருக்கு அடிப்படை என்பது அவர் அன்றாடம் பயன்படுத்தும் கருவிக்கு உடனடியாக ஓர் அடுக்கு கீழே இருப்பதுதான். ரியாக்ட் என்ற இணையப் பக்க லைப்ரரியில் எழுதுகிறவருக்குப் பிரவுசரும், வேலைகளை வரிசையாக எடுத்து ஓட்டும் ஜாவாஸ்கிரிப்டின் இவென்ட் லூப்பும். தரவுத்தளத்தோடு நமக்குப் பதிலாகப் பேசும் ஓஆர்எம் பயன்படுத்துகிறவருக்கு, தரவுத்தளத்தின் கேள்வி மொழியான எஸ்கியூஎல்லும், தேடலை விரைவாக்கும் பட்டியலான இண்டெக்ஸும். பல சர்வர்களில் செயலிகளை ஓட்டும் குபெர்னெட்டிஸில் டெப்ளாய் செய்கிறவருக்கு லினக்ஸ் ப்ராசெஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல். டிரான்சிஸ்டர் வரை தோண்டிக்கொண்டு போகச் சொல்லவில்லை. ஓர் அடுக்கு போதும், பெரும்பாலான நாட்களில்.

எனக்கு இது தெளிவாகப் புலப்பட்ட இடம் தரவுத்தளம். டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்ற புகார் வராத திட்டம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை, அந்தப் புகாருக்குக் காரணம் தரவுத்தளமே என்று முடிந்ததும் அரிது. ஒரு முறை, பல கோடி வரிசைகள் கொண்ட பரிவர்த்தனை அட்டவணையில் தேதியை வைத்துத் தேடும் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. தேதி நெடுவரிசையில் இண்டெக்ஸ் இருந்தது. ஆனால் தரவுத்தளத்திடம் கேட்கும் க்வெரியில், அந்த நெடுவரிசையை ஒரு செயற்கூற்றுக்குள் போட்டு ஆண்டை மட்டும் பிரித்தெடுத்து, அது 2019-க்குச் சமமா என்று கேட்டிருந்தார்கள். தேதிவாரியாக அடுக்கிய இண்டெக்ஸுக்குத் தேதிகளைத் தெரியும். செயற்கூற்றின் விடை என்னவாக இருக்கும் என்று தெரியாது. அதற்கென்றே தனி இண்டெக்ஸ் அமைக்காதவரை, தரவுத்தளம் ஒவ்வொரு வரிசையையும் எடுத்து ஆண்டைக் கணக்கிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2019 ஜனவரி 1-இலிருந்து 2020 ஜனவரி 1-க்கு முன்புவரை என்று அதே கேள்வியை மாற்றிக் கேட்டதும் பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. இடையில் சர்வரின் நினைவகத்தை இரட்டிப்பாக்கலாம், கேஷ் ஒன்றை முன்னால் வைக்கலாம், தரவுத்தளத்தையே மாற்றிவிடலாம் என்றெல்லாம் கூட்டங்கள் நடந்திருந்தன.

இந்த விடையைக் கண்டுபிடிக்க அந்தத் தரவுத்தள மென்பொருளில் நிபுணராக இருக்கத் தேவையில்லை. பெரும்பாலான இண்டெக்ஸ்களுக்கு அடியில் இருப்பது பி-மரம். ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி 1972-இல் வெளியிட்ட கட்டமைப்பு அது. அகராதியைப் போல எல்லாம் வரிசையாக இருப்பதால்தான் அதில் தேட முடிகிறது. ‘கம்’ என்று தொடங்கும் சொற்களை அகராதியில் உடனே எடுக்கலாம், ‘கம்’ என்று முடியும் சொற்களைத் தேடினால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்ட வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், தேடுசொல்லின் முன்பக்கம், எதுவும் வரலாம் என்று பொருள்படும் விழுக்காட்டுக் குறி வைத்தால் ஏன் இண்டெக்ஸ் உதவாது, மாவட்டம், வட்டம் என்ற வரிசையில் இரண்டு நெடுவரிசைகளுக்கு அமைத்த இண்டெக்ஸ் வட்டத்தை மட்டும் வைத்துத் தேடும்போது ஏன் பெரிதாகக் கைகொடுப்பதில்லை என்பதெல்லாம் தாமாகவே விளங்கிவிடும். மரத்தின் ஒரு பக்கத்தில் 500 சாவிகள் அடங்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று அடுக்குகளில் 12.5 கோடிச் சாவிகளை எட்டிவிடலாம். அதனால்தான் அத்தனை பெரிய அட்டவணையிலும் ஒரு வரிசையைக் கண்டுபிடிக்க வட்டிலிருந்து ஒரு சில பக்கங்களைப் படித்தாலே போதுமாகிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், மாங்கோடிபி என்று பெயர்கள் மாறினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. கசாண்ட்ரா போன்ற ஒன்று வந்து, நாங்கள் பி-மரத்தை நம்பியில்லை, எழுதுவதையெல்லாம் வரிசையாகச் சேர்த்துவைத்துப் பிறகு இணைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும்போது, எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறார்கள் என்று கேட்கும் தெம்பும் அதிலிருந்தே வருகிறது.

தமிழில் மென்பொருள் செய்கிறவர்களுக்கு இதைவிடக் கைக்கெட்டிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு, ஆனால் வியப்பாக, அதைப் பலரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ‘வணக்கம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நம் கண்ணுக்கு ஐந்து. பைதானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நீளம் கேட்டால் 7 என்று வரும், ஏனெனில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள். யூடிஎஃப்-8 வடிவில் வட்டில் சேமித்தால் 21 பைட், ஏனெனில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ஸ்விஃப்ட் மொழியில் கேட்டால் 5 என்றே விடை வரும், ஏனெனில் அந்த மொழியை வடிவமைத்தவர்கள் வாசகர் காணும் எழுத்தையே எண்ண முடிவெடுத்தார்கள். நான்கும் சரியான விடைகள்தாம்; நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. பயனரின் பெயரை இருபது எழுத்துக்குள் நறுக்கிக் காட்டச் சொன்ன இடத்தில், புள்ளியும் கொம்பும் தனியே தொங்கும்படி வெட்டிவைத்திருக்கும் செயலிகளை இன்றும் பார்க்கிறேன். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும்போது தமிழில் ஒன்று சேர்ந்தாலும் எல்லை 70-ஆகக் குறைந்து, ஒரே செய்திக்கு இரண்டு மூன்று செய்திகளுக்கான கட்டணம் ஏன் போகிறது என்று நிதிப் பிரிவு கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் டெவலப்பர்தான்: 140 பைட் இடத்தில் ஏழு பிட் எழுத்துகள் 160 அடங்கும், பதினாறு பிட் குறியீடுகள் 70 மட்டுமே அடங்கும்.

தேடலில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘கொ’ என்பதை ஒற்றைக் கொம்பு, க, கால் என்று நாம் எழுதினாலும், யூனிகோடில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்ற இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு விசைப்பலகையில் உள்ளிட்ட ‘கொடி’யை இன்னொரு விசைப்பலகையில் உள்ளிட்ட ‘கொடி’ கண்டுபிடிக்காது. திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பக் கண்ணில் படாது, பைட்களைப் பிரித்துப் பார்த்தால்தான் அகப்படும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் இயல்பாக்கத்தைச் செய்யும் ஒரு வரி இதைத் தீர்த்துவிடுகிறது. பெரும்பாலான மொழிகளில் அதற்கான செயற்கூறு தயாராகவே இருக்கிறது.

அகரவரிசையும் அப்படியே. யூனிகோடில் தமிழுக்கான இடஒதுக்கீடு இந்திய மொழிகளுக்கான 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி, தேவநாகரி எழுத்துகளுக்கு இணையாக அமைந்ததால், ‘ன’ என்ற எழுத்து ‘ந’வுக்கு அடுத்தும் ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும் உட்கார்ந்துவிட்டன. எனவே வரதன், வள்ளி, வனஜா என்று நாம் அடுக்கும் பெயர்களை, குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் வனஜா, வரதன், வள்ளி என்று அடுக்கும். பள்ளி வருகைப் பதிவேட்டுக்கான செயலியில் இப்படி வந்தால் ஆசிரியர் ஒருவரே போதும், முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். தமிழுக்கான வரிசை விதிகளைத் தெரிந்த ஒப்பீட்டுக் கருவி பிரவுசரிலேயே உள்ளது; அது இருக்கிறது என்று தெரிந்திருப்பதும், எதனால் தேவைப்படுகிறது என்று தெரிந்திருப்பதும்தான் வேலை. நேற்று ஆண்ட்ராய்டில், இன்று ஃபிளட்டரில், நாளை வேறொன்றில் எழுதினாலும் இந்தச் சிக்கல்கள் அனைத்தும் அதே உருவில் வந்து நிற்கும்.

செயலியை அதற்குத் தேவையானவற்றோடு கண்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் டாக்கர் 2013-இல் அறிமுகமானபோது அதை முற்றிலும் புதிய உலகமாகக் கொண்டாடியவர்களும் மிரண்டவர்களும் இருந்தார்கள். அதன் உறுப்புகள் பழையவை. ஒரு ப்ராசெஸுக்கு வேறொரு கோப்புறையையே முழு உலகமாகக் காட்டும் சி-ரூட் வசதி 1979-இலேயே யூனிக்ஸில் இருந்தது. நினைவகத்துக்கும் சிபியூவுக்கும் வரம்பு போடும் சி-குரூப் வசதி 2008-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. கண்டெய்னர் ஒன்று எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் 137 என்ற எண்ணோடு செத்துப்போனால், 128-உடன் 9 சேர்ந்தது அந்த எண் என்றும், 9 என்பது மறுபேச்சில்லாமல் கொல்லும் சிக்னல் என்றும், பெரும்பாலும் நினைவக வரம்பைத் தாண்டியதுதான் காரணமாக இருக்கும் என்றும் யூனிக்ஸ் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் சந்தேகிப்பார். பழைய ஜாவா பதிப்புகள் கண்டெய்னரின் வரம்பைப் பார்க்காமல் முழு சர்வரின் நினைவகத்தையே தமக்கு உரியதாக எண்ணிக்கொண்டதால் இப்படிச் செத்த கண்டெய்னர்கள் ஏராளம். 2018-இல் வந்த ஜாவா 10-இல்தான் அது முறையாகச் சரிசெய்யப்பட்டது.

இதையெல்லாம் எப்போது கற்பது என்பதே இளைய நண்பர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. வேலைக்குப் போய்வந்து, பேருந்திலும் மின்தொடரியிலும் நசுங்கி, வீட்டுப் பொறுப்புகளையும் பார்க்கிறவரிடம் தினமும் இரண்டு மணி நேரம் படி என்று சொல்வது எளிது. நானே அப்படிப் படிப்பதில்லை. தள்ளுபடியில் வாங்கிவைத்துப் பாதியில் நின்றுபோன வீடியோப் பாடங்கள் பலரிடமும் இருக்கும். எனக்கு உதவிய வழி வேறு: வேலையில் ஒரு சிக்கல் தீர்ந்த உடனே எழுந்து போய்விடாமல், அது ஏன் தீர்ந்தது என்று விளங்கும்வரை கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே இருப்பது. இணையத்தில் கண்ட ஒரு வரியை ஒட்டியதும் நிரல் ஓடிவிட்டால், அந்த வரி இல்லாமல் என்ன நடந்தது, இருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது. அந்த நேரத்தில் மூளைக்கு அந்தக் கேள்வியில் உண்மையான பசி இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே செய்தியை ஒரு பாடமாகப் படித்தால் அது ஒட்டுவதில்லை.

இன்னொரு பழக்கம், பயன்படுத்தும் பொருளின் சின்னஞ்சிறு நகல் ஒன்றைக் கையால் செய்து பார்ப்பது. வலை இணைப்பின் முனையான சாக்கெட் ஒன்றைத் திறந்து, பிரவுசர் அனுப்பும் வரிகளை அப்படியே அச்சிட்டு, ஒரு நிலைவரியும் வெற்றுவரியும் சில சொற்களும் திருப்பி அனுப்பினால் அதுவே எச்டிடிபி சர்வர், அதாவது இணையப் பக்கங்களை அனுப்பும் நிரல். ஐம்பது வரிகளுக்குள் முடிந்துவிடும். அதைச் செய்தவருக்கு அதன் பிறகு எக்ஸ்பிரஸ், ஜாங்கோ, ஸ்பிரிங் போன்ற இணைய ஃபிரேம்வொர்க்குகள் எல்லாவற்றிலும் எங்கே மாயம் முடிந்து எங்கே வேலை தொடங்குகிறது என்பது தெரியும். நிரலின் மாற்றங்களைக் கமிட்டுகளாகப் பதிவுசெய்து வைக்கும் கிட்டுக்கும் இதையே செய்யலாம்: மறைந்திருக்கும் அதன் கோப்புறையைத் திறந்து, ஒரு கமிட்டுக்குப் பிறகு அதற்குள் என்னென்ன புதுக் கோப்புகள் முளைக்கின்றன என்று பார்த்தாலே, கிளை என்பது ஒரு கமிட்டின் அடையாள எண்ணை வைத்திருக்கும் குட்டிக் கோப்பு என்பது விளங்கி, கமிட்டுகளை வேறோர் இடத்தின் மேல் எடுத்து அடுக்கும் ரீபேஸ் பற்றிய பயம் பாதியாகிவிடும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், கருத்து புரியவில்லையா, மொழி புரியவில்லையா என்று பிரித்தறிய முடியாமல், தனக்கு அறிவு போதவில்லை என்று முடிவுகட்டிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படித்ததைத் தமிழில், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தாளில் படம் போட்டு விளக்கிப் பாருங்கள். டெட்லாக் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, எந்த ப்ராசெஸ் எதைக் கையில் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறது என்று தமிழில் தடங்கலின்றிச் சொல்ல முடிந்தால் அது உங்களுக்குப் புரிந்துவிட்டது. திணறும் இடம் எதுவோ அதைத்தான் மறுபடி படிக்க வேண்டும்.

அதே சமயம், அடிப்படை தெரிந்தால் போதும், கருவிகள் தாமாக வந்துவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் ரியாக்ட் என்று போட்டிருந்தால் ரியாக்ட் தெரிந்திருக்கத்தான் வேண்டும்; பி-மரத்தை வரைந்து காட்டி அந்தச் சல்லடையைத் தாண்ட முடியாது. ஃபிரேம்வொர்க்குகளை இளக்காரமாகப் பேசிக்கொண்டு, எல்லாவற்றையும் தானே எழுதுவேன் என்று திட்டத்தை மூன்று மாதம் இழுத்தடிக்கும் மேதைகளோடும் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவம் யாருக்கும் வேண்டாம். ஒரு கருவியை ஆழமாகக் கற்று, அதை வைத்து முழுதாக ஒன்றைச் செய்துமுடித்து, பயனர்களின் புகார்களைச் சந்தித்தவருக்குத்தான் கீழ் அடுக்கைப் பற்றிய கேள்விகளே பிறக்கின்றன. எதைக் கற்காமல் விடுவது என்ற தீர்ப்பும் தேவை. புதிதாக வரும் ஒவ்வொன்றின் அறிமுகப் பக்கத்தையும் படித்து, எந்தப் பழைய சிக்கலுக்கு இது தீர்வு என்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு, அந்தச் சிக்கல் என்னிடம் இல்லையென்றால் நான் நகர்ந்துவிடுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டதா என்று கேட்கிறார்கள். தொடரியலை நினைவில் வைத்திருப்பதன் மதிப்பு நிச்சயமாகக் குறைந்துவிட்டது. ஆனால் நான் எழுதாத நிரலைப் படித்துத் தீர்ப்புச் சொல்வது முன்னைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. ஆயிரம் ஆர்டர்களின் பட்டியலைக் காட்டு என்றால், ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகத் தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு லூப்பை அந்த உதவியாளர் அழகான பெயர்களோடும் குறிப்புரைகளோடும் எழுதித் தரக்கூடும். பத்து ஆர்டர்கள் உள்ள டெஸ்டிங் சூழலில் அது பிரமாதமாக ஓடும். அந்த நிரலில் ஆயிரத்தோரு க்வெரிகள் ஒளிந்திருப்பதைப் பார்க்கும் கண், முன்பு எந்தப் படிப்பிலிருந்து வந்ததோ அதே படிப்பிலிருந்துதான் இப்போதும் வருகிறது.

இப்போது நான் படித்துக்கொண்டிருப்பது, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபி-3. 2022 ஜூனில் தரமாக வெளியிடப்பட்ட இது, பாக்கெட் என்னும் தரவுத் துண்டுகளை வரிசை தவறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபியை விட்டுவிட்டு, அந்த உறுதியைத் தராத எளிய யூடிபியின் மேல் கட்டிய க்விக் என்ற நெறிமுறையில் ஓடுகிறது. யூடிபி 1980-இல் மூன்றே பக்க ஆவணமாக வந்தது. டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மீண்டும் வந்து சேரும்வரை பின்னால் வந்தவையெல்லாம் காத்துக்கிடக்கும் என்பது தெரிந்திருந்தால், ஒரே இணைப்பில் பல கோப்புகளை ஏற்றிய எச்டிடிபி-2, சிக்னல் சரியில்லாத கைப்பேசியில் ஏன் தடுமாறியது என்பதும், க்விக் ஒவ்வோர் ஓடைக்கும் தனித்தனியே வரிசை காத்து அதை எப்படித் தீர்க்கிறது என்பதும் ஓரிரு மாலைகளில் பிடிபட்டுவிட்டன. வீட்டு வைஃபையிலிருந்து வெளியேறி மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது ஐபி முகவரியே மாறினாலும் இணைப்பு அறாமல் இருக்க, முகவரிக்குப் பதிலாக இணைப்புக்கென்று தனி அடையாள எண் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியைச் சோதித்துப் பார்க்க, கைப்பேசியில் ஒரு பெரிய கோப்பை இறக்கவிட்டபடி, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் ஓடும் சர்வர் பக்கம் எந்தெந்தப் பாக்கெட்டுகள் வருகின்றன என்று வார இறுதியில் பார்க்கப்போகிறேன்.